ஆணையும் ரப்பர்ச் சக்கரமும்

படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சின் தன் சூட்டைத் தணிக்கக் கடலையே குடிக்கிறது. எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால்தான் நான் செய்ததும் விளங்கும்.

தண்ணீருக்குள் நிற்கும் கீழ்ப்பாகத்தை நாங்கள் கால் என்போம். காலின் மேல்முனையில் ஒரு சிறு கிண்ணம், அதற்குள் உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம். பூவைப் போல ஆறு இதழ். சக்கரம் கிண்ணத்தின் நடுவில் இராது. வேண்டுமென்றே ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதனால் சுற்றும்போது ஒவ்வோர் இதழும் ஒடுங்கிய பக்கத்தில் மடங்கும், அகன்ற பக்கத்தில் நிமிரும். நிமிரும்போது தண்ணீரை இழுக்கும். மடங்கும்போது மேலே தள்ளும். அவ்வளவுதான். இருபது வருடங்களாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

மேலே போய்ச் சூட்டை வாங்கிய தண்ணீரில் கொஞ்சம், பக்கத்திலுள்ள துளையால் வெளியே பீச்சும். எங்கள் கரையில் அதை "எஞ்சின் ஒண்டுக்கு அடிக்குது" என்பார்கள். தாரை தடிப்பாக இருந்தால் எஞ்சின் சுகம். மெலிந்தால் சக்கரம் மாற்றும் காலம். நின்றுபோனால் சில நிமிடங்களில் பிஸ்டன் இறுகிவிடும். இன்னொன்று: அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். கரையில் வைத்து, தண்ணீர் இல்லாமல் எஞ்சினை முடுக்கினால் சக்கரம் கருகிப் போகும்.

பாண்டிருப்பில் பெருந்தெருவோரம் என் திருத்தகம். போர்டில் "எபெனேசர்" என்று எழுதியிருக்கிறது. என் பெயர் கிசோக் என்றாலும், மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை மீனவர்கள் பலருக்கு நான் வேதக்காரத் தம்பிதான். கிறிஸ்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என்னிடம் எஞ்சின் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களுக்கு நான் எந்தச் சபை, எந்தப் போதகர் என்பதெல்லாம் தெரியாது. என் வேலையையும் வாயையும் பார்த்துத்தான் என் ஆண்டவரைப் பற்றி ஏதாவது நினைத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அதனால் சில பழக்கங்களை வைத்திருந்தேன். காலையில் கதவைத் திறந்ததும் மேசையருகே நின்று பரமண்டல ஜெபத்தைச் சொல்வேன். கழற்றிய பழைய பாகத்தைச் சொப்பிங் பேக்கில் போட்டு எஞ்சினோடு கட்டி அனுப்புவேன். மாற்றினேனா இல்லையா என்று யாரும் சந்தேகப்படத் தேவையில்லை. ஆணையிடுவதில்லை. சத்தியமாகவா என்று கேட்டால், ஆம் என்பதற்கு மேல் போகாமல், "ஓம் எண்டா ஓம்தான்" என்பேன். அதையும் மதித்தார்கள்.

இந்தக் கரையில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடியும்வரை கடலுக்குப் போவது குறைவு. ஆகவே திருத்த வேண்டிய எஞ்சின்களெல்லாம் வியாழன் பின்னேரமே என்னிடம் வந்துவிடும். வெள்ளி பின்னேரம் திரும்பக் கொடுக்க வேண்டும். எனக்கு அன்று மத்தியானம் சபையில் உபவாச ஜெபம். இடையில்தான் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை என் மேசையில் இரண்டு கால்கள் கிடந்தன. ஒரே கம்பனி, ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். ஒன்று சாய்ந்தமருது இப்றாஹிம் ஹாஜியாருடைய எஞ்சினுக்குரியது. ஹாஜியாருக்கு நான்கு படகுகள். இந்தப் படகை ஓட்டுவது நஜீம். "தண்ணி மெல்லிசா அடிக்குது மச்சான், சக்கரத்த மாத்து" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். மற்றது மருதமுனை கச்சிமுகம்மது காக்காவுடையது; அண்ணனை இங்கே முஸ்லிம்கள் காக்கா என்பார்கள். அதற்குக் கியர்ச் சீல் மட்டும். காலையிலேயே சீலை மாற்றிவிட்டேன். புதிய சக்கரத்தை மேசையில் எடுத்து வைத்துவிட்டு ஜெபத்துக்குப் போனேன். பின்னேரம் வந்து சக்கரத்தை மாற்றினேன், கால்களை மாட்டினேன், பழையதைப் பேக்கில் கட்டி நஜீமிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் படகு கடலில் நின்றது. கரையிலிருந்து ஐந்து மைல். நஜீமும் இன்னும் இருவரும் வெயிலில் அரை நாள் மிதந்து, காரைதீவுப் படகொன்று கண்டு கட்டியிழுத்து வந்தது.

புதன் காலை சாய்ந்தமருதுக் கரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மீன் ஏலம் முடிந்திருந்தது. போகாமல் நின்றவர்களெல்லாம் வந்து சூழ்ந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் காலைக் கழற்றினேன். கிண்ணத்துக்குள் சக்கரம் கருகிக் கிடந்தது. மூன்று இதழ்கள் பிய்ந்திருந்தன.

"நீர்க்கடுப்பு வந்திரிக்கி. இளநி குடுத்திரிக்கணும்," என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"கிசோக், நீ புதுசு போட்டயா, இல்லயா?"

"போட்டன் ஹாஜியார். பழசப் பேக்குல கட்டித் தந்தன்தானே."

"தந்தான்தான்," என்றான் நஜீம். "ஆனா வெள்ளிக்கிழம எறக்கின நேரமே மெல்லிசாத்தான் அடிச்சிச்சு."

"அப்ப ஏன் என்னட்டத் திருப்பிக் கொண்டு வரல்ல?"

"ஒன்ட கை பட்டாச் செரியாத்தான் இரிக்கும் எண்டு நம்பினன், மச்சான்."

அந்தச் சொல் எனக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அன்று என் காது வேறு எதற்கோ திறந்திருந்தது. இருபது வருடப் பெயர் இத்தனை பேர் முன்னால் மணலில் விழப்போகிறது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

"இது தண்ணி இல்லாம ஓடின கருகல். கரையில வெச்சு முடுக்கியிரிக்காங்க," என்றேன்.

"ஆரு முடுக்கின? நான் எட்டு வரிசமா எஞ்சின் புடிக்கன். கரையில முடுக்குவனா?"

ஹாஜியார் கையை உயர்த்தினார். "ரெண்டு பேரும் ரெண்டு கத கதைக்கிறீங்க. நான் ஆர நம்புற?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் என்னை ஆணையிடச் சொல்லவில்லை. அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"என்ட ஆண்டவர்ட பேரால சொல்றன் ஹாஜியார். நான் மாத்தின."

கூட்டம் அடங்கிவிட்டது. நான் ஆணையிடாதவன் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனாலேயே அந்தச் சொல்லுக்கு அத்தனை கனம்.

"ஆண்டவன்ட பேரு வந்திட்டு," என்றார் ஹாஜியார். "நஜீம், நீயும் சொல்லு. வல்லாஹி நான் கரையில ஓட்டல்ல எண்டு சொல்லு, முடிஞ்சிது."

நஜீம் கருகிய சக்கரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ரப்பர்த் துண்டுக்கு அவன்ட பேர இழுக்க என்னால ஏலா. ஓட்டல்ல எண்டா ஓட்டல்ல."

அந்த மறுப்பைக் குற்றமென்று எடுத்துக்கொண்டார்கள். இனி அந்தப் படகை றாஸிக் என்ற இன்னொருவன் எடுப்பான் என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். நஜீம் படகுக்குள் கிடந்த தன் சாரத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டான். என்னைக் கடந்து போகையில், "வாறன் பாஸ்," என்றான். பாஸ் என்பது மேசன், தச்சன், மெக்கானிக் எல்லாரையும் எல்லாரும் கூப்பிடும் சொல். அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

கருகிய சக்கரத்தை நான் எடுத்துவந்து அலுமாரியில் ஒரு போத்தலுக்குள் போட்டேன். இனி யாராவது கரையில் எஞ்சினை முடுக்கினால் காட்டலாம் என்று.

அடுத்த திங்கட்கிழமை கச்சிமுகம்மது காக்கா முச்சக்கர வண்டியில் தன் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினார். அறுபது வயது, சத்தமாகப் பேசும் மனிதர்.

"தம்பி, சீல் கசியுதா எண்டு ஒருக்காப் பாரு. அது கெடக்கட்டும். இவனுக்கு என்ன மருந்து குடுத்தாய்?"

"ஏன் காக்கா?"

"ஒண்டுக்கு அடிக்கிறானே! பக்கத்துப் படகுல இரிக்கிறவன் குட புடிக்கான். மாஷா அல்லாஹ், ஒன்ட கையில அல்லாஹ்ட பறக்கத் இரிக்கி."

என் கையிலிருந்த ஸ்பானரை மேசையில் வைத்தேன். பிறகு திரும்ப எடுத்து, அவருடைய எஞ்சினின் காலைக் கழற்றி, கிண்ணத்தின் நான்கு திருகாணிகளையும் திறந்தேன். உள்ளே சக்கரம் புதிதாக, கறுப்பாக, ஆறு இதழும் முழுதாக இருந்தது.

"ஏன் தம்பி மொகம் செத்துப் போச்சு? நல்லதுதானே செஞ்சிரிக்காய்?"

"இது உங்களுக்குப் போட்டதில்ல காக்கா," என்றேன்.

அது எப்படி நடந்தது என்பதை அங்கேயே நின்று கண்டுபிடித்தேன். பிழை எப்படி வேலை செய்தது என்பதையும் பார்க்காமல் விட என்னால் முடியாது. என் மேசை அறையின் நடுவில் இருக்கிறது. இரு பக்கமும் நின்று வேலை செய்யலாம். அந்த வெள்ளி காலையில் தெருப்பக்கம் நின்று வேலை செய்தேன். நஜீமின் கால் என் இடக்கைப் பக்கம். "இடப்பக்கத்துக்குப் புதுச் சக்கரம்" என்று மனதில் எழுதிக்கொண்டேன். சபை, என் திருத்தகத்துக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிறது. ஜெபம் முடிந்து வெறும் வயிற்றோடு, வாயில் பாட்டோடு, பின்கதவால் உள்ளே வந்து, மேசையின் மறுபக்கம் நின்றேன். என் இடப்பக்கம் இப்போது காக்காவின் கால்.

எந்தக் கால் யாருடையது என்பதற்கு அடையாளம் உண்டு. ஹாஜியாரின் எஞ்சின்களில், காலின் அடியில் சுழலும் விசிறியில் வெள்ளை வளையம் பூசியிருக்கும். மாட்டும்போது அதைப் பார்த்துத்தான் மாட்டினேன். அதனால் கால்கள் மாறவில்லை. சக்கரத்தை மாற்றும்போது மட்டும் விசிறிப் பக்கம் சாக்கால் மூடியிருந்தது. சாக்கை விலக்க ஒரு கணம் போதும்.

கழற்றிய பழைய சக்கரத்தைக் கையில் பிடித்தபோது, "இது இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்குமே" என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது. மெல்லிசாக அடிக்கும் எஞ்சினின் சக்கரம் அப்படி இருக்காது. நினைத்தேன், கடந்துவிட்டேன்.

காக்கா போன பிறகு அலுமாரியிலிருந்து போத்தலை எடுத்தேன். நீண்ட காலம் கிண்ணத்துக்குள் இருந்த ரப்பர், வெளியே எடுத்தாலும் நிமிராது. மடங்கிய இதழ் மடங்கியபடியே நிற்கும். நாலைந்து நாளில் அந்த மடிப்பு வராது. கருகிய சக்கரத்தில் மிஞ்சியிருந்த மூன்று இதழ்களும் ஒரே பக்கம் மடங்கி நின்றன. முதுமையில் இறுகி, வெடித்து, தண்ணீரைத் தள்ள முடியாமல் கருகியிருந்தது. அன்று கரையில் இதே இதழ்கள்தான் என் கண்முன் இருந்தன. வேறு யாருடைய கையிலாவது இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்து மேசையருகே நின்றேன். பரமண்டல ஜெபத்தில் பிதாவை அழைத்த உடனே வரும் முதல் வேண்டுதல், அவருடைய பெயர் பரிசுத்தமாக எண்ணப்பட வேண்டும் என்பது. உணவும் மன்னிப்பும் எல்லாம் அதற்குப் பிறகுதான். என் வாய் அந்த இடத்தில் நின்றுவிட்டது. மேலே போகவில்லை. ஏன் அது முதலில் வைக்கப்பட்டிருக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன். காலின் அடியில் தண்ணீர் புகும் துளை அடைத்துக்கொண்டால், மேலே எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு காலையும் அந்தப் பெயரை உயர்த்தும்படி கேட்டுக்கொண்டு, என் பெயரைக் காப்பாற்ற அதையே எடுத்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் பொய் என்று தெரிந்து சொல்லவில்லைதான். ஆனால் அவருடைய பெயரைச் சொல்லுமுன் ஒரு தரம் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவி கஜேந்தினியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹாஜியாருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லப் போறன்," என்றேன். "நல்ல மனிசன். விளங்கிக்கொள்ளுவார்."

"ஆணையிட்டது கோல்லயா?"

கையிலிருந்த போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"எத்தின பேர் நிண்டாங்க?"

"முப்பது பேர் இரிக்கும்."

"அப்ப முப்பது பேருக்கும் கோல் எடுங்க," என்று மீனின் செவுளைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு, குரலை இறக்கி, "நஜீம்ட பொஞ்சாதி றுமைஸாவ நேத்துச் சந்தையில கண்டன். எப்பவும் நிண்டு கதைக்கிறவ. நேத்து என்னக் காணாத மாதிரிப் போனா," என்றாள்.

கரையில் ஏலம் முடிய இன்னும் நேரம் இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். போத்தலையும் எடுத்துக்கொண்டேன்.

சாய்ந்தமருதுக் கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை ஓரமாக நின்றேன். நஜீம் கொஞ்சம் தள்ளி, யாருடையதோ வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் தலையைத் தூக்கவில்லை.

ஏலக்காரர் வாயை மூடியதும் நான் ஹாஜியார் முன் போனேன். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். அப்படியே சொன்னேன்.

"ஹாஜியார், அண்டைக்கு இந்த இடத்தில நான் ஆண்டவர்ட பேரால சொன்னது பிழ. புதுச் சக்கரத்த மருதமுனைக் கச்சிமுகம்மது காக்காட எஞ்சினுக்குப் போட்டிட்டன். நஜீம்ட எஞ்சினுக்கு நான் மாத்தல்ல. நஜீம் கரையில ஓட்டவுமில்ல. அந்த எஞ்சின் பழுதாகினது என்னால."

போத்தலைத் திறந்து, மடங்கிய இதழ்களைக் காட்டி, ஏன் அது பழைய சக்கரம் என்பதையும் விளக்கினேன். சிலர் கிட்ட வந்து தொட்டுப் பார்த்தார்கள். "எஞ்சின என்ட செலவில திருத்தித் தாறன்," என்றும் சொன்னேன்.

ஹாஜியார் போத்தலைப் பார்க்கவே இல்லை.

"எஞ்சின் இரும்பு. அத ஆரும் திருத்துவாங்க. பிழ விடாத மெக்கானிக்கும் இல்ல. ஆனா நீ என்னத்துக்குப் படைச்சவன்ட பேரச் சொன்னாய்? ஒன்னட்ட நான் கேட்டனா?"

"இல்ல ஹாஜியார். கேக்கல்ல."

"வேதக்காரன் ஆணையிட மாட்டான், அவன் ஆணையிட்டா அது உண்ம எண்டு நான் ஒரு மனிசன எறக்கிப் போட்டன். ஒன்ட பேரச் சொல்லியிருந்தா நான் விசாரிச்சிரிப்பன். அவன்ட பேரச் சொன்னாய். நான் வாயப் பொத்தினன். இப்ப அந்தப் பாவத்தில எனக்கும் பங்கு குடுத்திட்டாய், இல்லயா?"

அவர் கண் கலங்கியிருந்தது. நான் எதிர்பார்த்தது கோபம். "ஓம்," என்று மட்டும் சொன்னேன்.

ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மணலில் நடந்து நஜீமிடம் போனார். முதலாளி அவன் இருந்த இடத்துக்குப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். குனிந்து என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நஜீம் வலையை விட்டு எழுந்தான்.

நானும் போனேன். "நஜீம், என்ன மன்னிச்சிக்க," என்றேன்.

"கேட்டிச்சு. நல்லாச் சத்தமாத்தான் சொன்னாய்." வலை ஊசியில் நூலைச் சுற்றினான். "அண்டைக்கும் இப்பிடித்தான் சத்தமாச் சொன்னாய்."

"ஓம்."

"என்ட மகள் கேட்டாள். வாப்பா, ஏன் நீங்க வல்லாஹி எண்டு சொல்லல்ல, சொல்லியிருந்தா முடிஞ்சிரிக்குமே எண்டு. நான் என்ன சொல்ற அவளுக்கு?"

கேட்டுவிட்டு அவன் வலையை நோக்கித் திரும்பிவிட்டான்.

நஜீம் அடுத்த நாளே, இரவல் எஞ்சினொன்றோடு, படகுக்குத் திரும்பினான். பழுதான எஞ்சினை நான் திருத்திக் கொடுத்தேன். அதன்பின் ஹாஜியாருடைய எஞ்சின் எதுவும் என்னிடம் வரவில்லை; காரைதீவில் ஒருவரிடம் போவதாகக் கேள்விப்பட்டேன். ஹாஜியாரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேரும் அங்கே போனார்கள். நான் எதிர்பார்த்ததுதான். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

மேசையை அறையின் நடுவிலிருந்து தள்ளிச் சுவரோடு சேர்த்தேன். இப்போது ஒரு பக்கம்தான் நிற்கலாம். ஒரு காலைப் பிரித்தால், அதை மூடும்வரை மற்றதை மேசைக்கு எடுப்பதில்லை. காலை ஜெபத்தில் முதல் வேண்டுதலில் கொஞ்சம் நிற்கிறேன். முன்பு அதைக் கடந்து போக எனக்கு இரண்டு செக்கன் கூட எடுக்காது. இப்போது அதைச் சொல்லிவிட்டு, அன்றைய வேலையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்: எந்த எஞ்சின், யாருடையது, அதை நம்பிக் கடலுக்குப் போகப்போகிறவர்கள் யார். அதுவும் அந்த வேண்டுதலின் பகுதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, முச்சக்கர வண்டி வந்து நின்றது. நஜீம் இறங்கினான். பின்னால் ஹாஜியாரின் எஞ்சின், விசிறியில் வெள்ளை வளையம்.

"ஹாஜியார் அனுப்பினாரா?" என்று கேட்டேன்.

"நான் கொண்டு வந்தன். அவருக்குத் தெரியும்." எஞ்சினை இறக்க ஒரு பக்கம் பிடித்தான். "தண்ணி மெல்லிசா அடிக்குது. சக்கரத்த மாத்து. நான் இஞ்சதான் நிக்கப் போறன்."

"நில்லு."

அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். நான் காலைக் கழற்றினேன், கிண்ணத்தைத் திறந்தேன். பழைய சக்கரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். இதழ்களை விரலால் நிமிர்த்திப் பார்த்தான்; அவை திரும்ப மடங்கின. "வயசு போனது," என்றான். புதியதைச் சுற்றும் திசைக்கு மடித்து உள்ளே இறக்கினேன். மூடி, மாட்டி, எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் நிறுத்தினேன்.

முடுக்குமுன் அவன் கேட்டான்: "செரியாப் போட்டயா?"

அத்தனையும் அவன் கண்முன்தான் நடந்தது. ஆனாலும் கேட்டான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஓம்," என்றேன்.

மேலும் ஏதாவது வருகிறதா என்று கொஞ்சம் பொறுத்தான். வரவில்லை. தலையை ஆட்டினான்.

கயிற்றை இழுத்தேன். எஞ்சின் பிடித்தது. துளையால் தண்ணீர் சுவரில் போய் அடித்தது. நஜீம் கையை நீட்டி அந்தத் தாரையில் பிடித்து, இளஞ்சூடு வரும்வரை வைத்திருந்தான். பிறகு ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தான்.

"ஜும்மாக்கு நேரமாகுது," என்றான். "பின்னேரம் வந்து எடுக்கன்."

"நானும் ஜெபத்துக்குப் போகணும். வா, மூடுவம்."

அவன் தெருப்பக்கமாகப் போனான். நான் பின்கதவைச் சாத்துமுன் திரும்பிப் பார்த்தேன். மேசை வெறுமையாக இருந்தது. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு அப்படித்தான் போகிறேன், மேசையில் எதையும் பிரித்துப் போட்டுவிட்டுப் போகாமல்.